சுளகு யார் கையில்? – பியானோ, பல்லியம், இசைத்தட்டு

காலம் ஒரு சுளகு என்பர். பதரைப் புடைத்துத் தள்ளி மணியை நிறுத்திவைப்பது அதன் தொழில். ஆகவே எஞ்சி நிற்பது சிறந்தது, மறைந்துபோனது மறைய வேண்டியதே என்பது இவ்வாறு கூறுவோரின் முடிபு. கலை இலக்கிய வரலாறுகளிற் பல இந்நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டவை. வகுப்பறையில் நாம் கற்பிக்கும் பெயர்ப் பட்டியல்களும் பெரும்பாலும் இதனையே ஆதாரமாகக் கொண்டவை. ஆனால் சுளகு தானாகப் புடைப்பதில்லை. அதனைப் பிடித்திருக்கும் கை ஒன்று உண்டு. அக்கை யாருடையது, எந்நோக்குடையது என்று வினவுவது வரலாறு கற்போரின் கடமையாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு நமக்குச் சற்றுத் தொலைவிலுள்ள துறையொன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். நமக்குப் பற்றோ பகையோ இல்லாத பொருளை விருப்பு வெறுப்பின்றி நோக்குதல் எளிது. ஏறத்தாழ 1800 முதல் 1845 வரை ஐரோப்பாவில் பியானோவுக்கும் பல்லியத்துக்குமாக ஆக்கப்பட்ட இசைப் படைப்புக்களே நாம் குறிப்பிடும் பொருள். இவற்றுட் பெரும்பாலானவை 'கொன்சேர்ட்டோ' எனப்படும் வடிவத்தில் அமைந்தவை. தனிவாத்தியம் ஒன்றும், பல கருவிகள் ஒருங்கே முழங்கும் பல்லியமும் எதிரெதிரே நின்று உரையாடுவதுபோல அமைந்த, பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்ட படைப்பே கொன்சேர்ட்டோ. மனோரதிய இயக்கம் ஐரோப்பியக் கலைகள் அனைத்திலும் தலைதூக்கிய அக்காலத்தில் இவ்வடிவத்தில் எழுதியோர் பலர். ஹும்மல், ஜோன் பீல்ட், ரீஸ், மொஷெலஸ், கல்க்பிரென்னர், ஹெர்ஸ் என்னும் பெயர்கள் லண்டனிலும் பாரிசிலும் வியன்னாவிலும் அன்று எவரும் அறிந்த பெயர்கள். நூறு ஆண்டுகள் கழிந்தபோது, பீதோவனுடையவை நீங்கலாக, இசையரங்குகளில் பெரும்பாலும் எஞ்சியவை ஷொப்பனின் இரண்டு கொன்சேர்ட்டோக்கள், சூமனின் ஒன்று, மெண்டெல்சனின் ஒன்றிரண்டு, வேபரின் ஒரு படைப்பு ஆகியனவே. ஏனையவை நூலகத் தூசியில் உறங்கின. அவற்றை மீண்டும் உலகின் காதுகளுக்குக் கொணர்ந்தது இசைத்தட்டு. பிறப்பு, மறதி, மீட்பு என்னும் இம்மூன்றையும் முறையே நோக்குவோம்.

முதலிற் பிறப்பு. 18ஆம் நூற்றாண்டின் இசைவாணன் பெரும்பாலும் பிரபுவின் வீட்டுச் சேவகன். ஹங்கேரியின் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் ஹைடன் சீருடை அணிந்து பணிபுரிந்தவர். அவருக்குப் பின் 1804 முதல் 1811 வரை அதே மாளிகையிற் பணிபுரிந்தவரே ஹும்மல். சிறுவனாக மொசார்ட்டின் வீட்டிலேயே தங்கிக் கல்வி பயின்ற இவர், பழைய முறைமைக்கும் புதியதற்கும் இடையே நின்றவர். பிற்காலத்தில் வைமார் அரசவையிற் பதவி வகித்தபோதிலும், ஊர் ஊராகச் சென்று நுழைவுச்சீட்டு விற்று இசை நிகழ்த்தினார். தம் படைப்புக்களைப் பல நாடுகளில் அச்சிட்டு விற்றார். அனுமதியின்றி அச்சிடும் பதிப்பாளருக்கு எதிராக, ஜேர்மன் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான பதிப்புரிமைச் சட்டம் வேண்டுமெனப் போராடியவர்களுள் அவர் முக்கியமானவர். சேவகன், தன் உழைப்பின் விளைவைச் சந்தையில் விற்பவனாக மாறிய வரலாறு இவ்வொருவரின் வாழ்விலேயே அடங்கிக் கிடக்கின்றது.

கேட்போரும் மாறினர். லைப்சிக் நகரின் வணிகர்கள் 1743இல் தம் பணத்தைக் கொண்டு இசையரங்கத் தொடர் ஒன்றைத் தொடங்கினர். 1781இல் அதற்கு வாய்த்த மண்டபம் துணி வணிகரின் கட்டிடத்திலேயே அமைந்தது. அதனால் 'கெவண்ட்ஹவுஸ்', அதாவது துணிமனை என்ற பெயர் இன்றுவரை அப்பல்லியத்துக்கு நிலைத்துவிட்டது. 1812இல் வியன்னாவிலும் 1813இல் லண்டனிலும் இசைச் சங்கங்கள் தோன்றின. அரண்மனைக் கதவுக்கு வெளியே நின்ற வர்க்கம், தனக்கென மண்டபங்களைக் கட்டி, கட்டணம் செலுத்தி, உள்ளே அமர்ந்துகொண்டது.

இவ்வர்க்கத்தின் வீட்டுக் கூடத்தில் இடம்பெற்ற கருவி பியானோ. கைத்தொழிற் புரட்சியின் குழந்தை அது. தட்டிய கட்டை முற்றாக மேலெழுமுன்னரே அதே சுரத்தை மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியமைப்புக்கு 1821இல் எரார் நிறுவனம் உரிமம் பெற்றது. 1825இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இரும்பு வார்ப்புச் சட்டத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது. நரம்புகளின் இழுவிசையை மரம் தாங்கிய காலம் போய், இரும்பு தாங்கும் காலம் வந்தது, ஒலி பெருகியது, பெரிய மண்டபம் சாத்தியமாயிற்று. ஆனால் இக்கருவி ஐரோப்பாவில் மட்டும் விளைந்ததன்று என்பதையும் மனங்கொள்ள வேண்டும். வெண்கட்டைகளின் மேல் ஒட்டிய தந்தம் ஆபிரிக்க யானைகளிடமிருந்து வந்தது. கருங்கட்டைகளுக்குரிய கருங்காலி வெப்பநாட்டுக் காடுகளின் மரம். இலங்கைக் காடுகளின் கருங்காலியும் ஐரோப்பியச் சந்தையை நோக்கிக் கப்பலேறிய பண்டங்களுள் ஒன்று.

கருவியை விற்பதும் இசையை ஆக்குவதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்த ஜோன் பீல்ட், லண்டனில் கிளெமென்டியிடம் பயிலுநராக அமர்த்தப்பட்டவர். கிளெமென்டி இசையாசிரியர் மட்டுமல்லர், பியானோ உற்பத்தியாளருமாவார். கடைக்கு வருவோர் முன் பியானோக்களை வாசித்துக் காட்டுவது பீல்டின் வேலையாயிருந்தது. 1802இல் முதலாளியோடு புறப்பட்டு ரூஷ்யாவை அடைந்த பீல்ட், அங்கேயே தங்கி, தம் வாழ்நாளில் மொத்தம் ஏழு கொன்சேர்ட்டோக்களை எழுதி, 1837இல் மொஸ்கோவில் மறைந்தார். இரவின் அமைதியை நினைவூட்டும் 'நொக்டேர்ன்' என்னும் சிறு வடிவத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. பாரிசிலே கல்க்பிரென்னர் பிளெயெல் பியானோ நிறுவனத்திற் பங்காளியாயிருந்தார். ஹெர்ஸ் தமக்கெனத் தொழிற்சாலையும் இசை மண்டபமும் வைத்திருந்தார். இவர்களுக்குக் கொன்சேர்ட்டோ என்பது கலை, விளம்பரம், பிழைப்பு என்னும் மூன்றுமாக இருந்தது.

படைப்புக்களின் வடிவத்தையும் இச்சூழலே நிர்ணயித்தது. கலைஞர் தாம் எழுதியதைத் தாமே வாசித்தார். ஒரு நகரை அடைந்ததும் அவ்வூர் வாத்தியக்காரரைத் திரட்டி, ஓரிரு ஒத்திகைகளோடு அரங்கேற வேண்டியிருந்தது. ஆகவே பல்லியத்தின் பகுதி எளிமையாக எழுதப்பட்டது. பல்லியம் கிடைக்காத இடங்களில் நான்கைந்து நரம்புக் கருவிகளோடோ, தனிப் பியானோவிலோ வாசிக்க ஏற்றவாறும் இப்படைப்புக்கள் அச்சிடப்பட்டன. தொடக்கத்தில் நீண்ட பல்லிய முகவுரை. அடுத்து இத்தாலிய இசை நாடகப் பாட்டை நினைவூட்டும் உருக்கமான பண். அதனைத் தொடர்ந்து விரல்களின் வித்தை. இறுதியிலே நடனச் சந்தம். பல்லியம் வலுவற்றது என்று பிற்கால விமர்சகர்கள் இவற்றைக் குறைகூறினர். வேலைக்கேற்ற கருவியைக் குறைகூறுவது போன்றது இது.

இவ்வமைப்பை உடைக்கும் முயற்சிகளும் உடனே தோன்றின. 1821 யூன் மாதத்தில், தம் 'பிரைஷூட்ஸ்' இசை நாடகம் பேர்லினில் அரங்கேறிய ஒரு வாரத்துள், வேபர் தம் எப் மைனர் 'கொன்சேர்ட்ஸ்டுக்' என்னும் படைப்பை அங்கு வாசித்தார். சிலுவைப் போருக்குச் சென்ற வீரனை எதிர்பார்த்து வாடும் பெண்ணொருத்தியின் கதை அதற்கு அடிப்படை. பகுதிகள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடின. 1831இல் மியூனிக் நகரில் மெண்டெல்சன் வாசித்த ஜீ மைனர் கொன்சேர்ட்டோ இவ்வழியைத் தொடர்ந்தது. நீண்ட முகவுரையை அவர் விலக்கினார், பகுதிகளையும் தொடுத்துவிட்டார். பகுதிக்குப் பகுதி கைதட்டுவதும், இடையிலே வேறு பாட்டுக்களைச் செருகுவதும் வழக்கமாயிருந்த காலம் அது. படைப்பு ஒரு முழுமை என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது.

ஷொப்பனின் கதையைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். 1830 மார்ச்சில் எப் மைனர் கொன்சேர்ட்டோவையும், ஒக்டோபரில் ஈ மைனர் கொன்சேர்ட்டோவையும் வார்சோ நகரில் அவர் அரங்கேற்றியபோது வயது இருபது. நவம்பர் 2ஆம் நாள் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டார். அதே மாதம் 29ஆம் நாள், ஜார் ஆட்சிக்கு எதிராகப் போலந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டில் அவ்வெழுச்சி நசுக்கப்பட்டது. ஷொப்பன் மீண்டும் போலந்து மண்ணை மிதிக்கவில்லை. இரு படைப்புக்களின் இறுதிப் பகுதிகளிலும் ஒலிப்பவை போலந்துக் கிராமங்களின் நடனச் சந்தங்கள். பேரரசுகளாற் கூறுபோடப்பட்ட ஒரு தேசத்தின் மூச்சு அவற்றில் உள்ளது.

ஆனால் பழைய வரலாறுகள் ஷொப்பனை வானத்திலிருந்து விழுந்த விண்மீனாகவே வருணித்தன. ஹும்மல் 1828இல் வார்சோவுக்கு வந்தார்; இளைஞரான ஷொப்பன் அவரை அங்கு சந்தித்தார். ஈ மைனர் கொன்சேர்ட்டோ கல்க்பிரென்னருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. பீல்டின் நொக்டேர்ன் இல்லையேல் ஷொப்பனின் நொக்டேர்ன் இல்லை. இவ்வுண்மைகள் நூல்களில் இருந்தன. ஆயினும் காதாற் கேட்டு உறுதிசெய்ய வழியில்லாதிருந்தது. ஹும்மலின் இசை ஒலிக்காத உலகில், ஷொப்பனுடையன யாவும் ஷொப்பனுக்கே உரியனவாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இனிக் கிளாரா வீக். 1835 நவம்பர் 9ஆம் நாள் லைப்சிக் துணிமனையில், மெண்டெல்சன் பல்லியத்தை நடத்த, பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தன் சொந்தக் கொன்சேர்ட்டோவை வாசித்தாள். ஏ மைனரில் அமைந்த அப்படைப்பைப் பதின்மூன்று வயதளவில் அவள் தொடங்கியிருந்தாள். முதலில் எழுதப்பட்ட இறுதிப் பகுதியின் பல்லிய அமைப்புக்கு ரொபேர்ட் சூமன் உதவினார். மூன்று பகுதிகளும் தொடுக்கப்பட்டவை. நடுப்பகுதியிற் பல்லியம் ஏறக்குறைய முற்றாக மௌனமாக, பியானோவும் ஒரேயொரு செலோவும் உரையாடுகின்றன. வயதும் காலமும் நோக்க, இது துணிவு மிக்க கற்பனை. 1837இல், ரொபேர்ட் சூமன் நடத்திய இதழிலேயே இதற்கு மதிப்புரை வந்தது. பெண்ணொருத்தியின் படைப்பாதலால் இதனை விமர்சிப்பதற்கு இடமில்லை என்பது அதன் சாரம். 1839இல் கிளாராவே, பெண் இசை ஆக்க விழைதல் ஆகாது என்ற கருத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். 1840இல் சூமனை மணந்தார், எண்மரைப் பெற்றார், கணவர் 1856இல் இறந்தபின், வாசித்தும் கற்பித்தும் குடும்பத்தைத் தாங்கினார், ஆக்குவதை ஏறக்குறையக் கைவிட்டார். 1845இல் அவர் முதன்முதலாக வாசித்த கணவரின் ஏ மைனர் கொன்சேர்ட்டோ உலகப் புகழ் பெற்றது. அவருடையது மறைந்தது. இங்கே புடைத்தது எந்தக் காலம்?

அடுத்து மறதி. மறதிக்குக் காரணம் ஒன்றன்று. 1834இல் லைப்சிக்கிலே தொடங்கிய தம் இசை இதழில், ஹெர்ஸ் போன்றோரின் வெற்றுப் பகட்டைச் சூமன் கடுமையாகச் சாடினார். பாரிசில் வாழ்ந்த கவிஞர் ஹைன, எங்கும் பரவிய பியானோ வித்தையை, ஆன்மாவை இயந்திரம் வென்றதற்குச் சான்றாக 1843இல் எழுதினார். இக்கண்டனங்களில் நியாயம் உண்டு. இசை சரக்காவதை எதிர்த்த குரல்கள் அவை. ஆனால் வணிகத்தை எதிர்த்து எழுந்த இக்குரலே, பின்னர் மேதை வழிபாடாக உறைந்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் இசையரங்கு வழிபாட்டிடம் ஆயிற்று. ஆக்குவோன் வேறு, வாசிப்போன் வேறு எனத் தொழில் பிரிந்தது. 1840இல் லிஸ்ட் லண்டனில் தனியாகவே நிகழ்ச்சிகளை நடத்திக் காட்டியபின், பியானோ கலைஞருக்குப் பல்லியம் கட்டாயமாக இல்லை. நிலையான பல்லியங்களோ, தமக்கும் சம பங்களித்த படைப்புக்களையே விரும்பின. சிறுமியாய் ஹெர்ஸின் படைப்புக்களை வாசித்த கிளாராவே, பிற்காலத்தில் அவற்றைக் கைவிட்டு, பாஹ், பீதோவன், ஷொப்பன், சூமன் என்னும் பட்டியலை ஐரோப்பா எங்கும் நிலைநாட்டினார். தம் சொந்தப் படைப்பை ஒதுக்கிய சுளகில் அவருடைய கையும் இருந்தது. வரலாற்றின் முரண்பாடுகள் இத்தகையன.

மூன்றாவது மீட்பு. இசைத்தட்டு தோன்றியவுடன் மீட்பும் தோன்றிவிடவில்லை. நிமிடத்துக்கு 78 தடவை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ நான்கு நிமிட இசையே அடங்கும். ஒரு கொன்சேர்ட்டோவுக்கு நான்கைந்து தட்டுக்கள் வேண்டும். இத்தட்டுக்களின் மூலப்பொருள் அரக்கு. இந்தியாவின் சோட்டா நாகபுரிக் காடுகளிற் பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து திரட்டிய அரக்கு. அவர்களது உழைப்பின் மேல் பொறிக்கப்பட்ட இசை, செல்வர் வீட்டுக் கூடங்களில் ஒலித்தது. விலைமிக்க பண்டத்தில் நிறுவனங்கள் துணிந்து முதலிடா. ஏலவே புகழ்பெற்றவையே பதிவாகின. ரூபின்ஸ்டைன் 1931இலும் 1937இலும் லண்டனில் ஷொப்பனின் இரு கொன்சேர்ட்டோக்களையும் பதிந்தார். சூமனுக்குப் பலர் இருந்தனர். பழைய பட்டியலுக்கு இசைத்தட்டு புதிய முத்திரையைக் குத்தியது.

1948இல் நீண்டநேரத் தட்டு வந்தது. பதிவுச் செலவு குறைந்தது. ஷொப்பனின் படைப்பு நாற்பது ஐம்பது பதிப்புக்களாகக் கடையிற் குவிந்தபோது, சிறு நிறுவனங்களுக்குப் புதிய சரக்கு தேவைப்பட்டது. 1960களிலும் 70களிலும் அமெரிக்காவின் வொக்ஸ் நிறுவனத்துக்காக மைக்கேல் பொன்டி என்னும் கலைஞர் மொஷெலஸ், கிளாரா முதலியோரின் கொன்சேர்ட்டோக்களைப் பதிந்தார். 1987இல் ஸ்டீபன் ஹவ் வாசித்த ஹும்மலின் ஏ மைனர், பீ மைனர் கொன்சேர்ட்டோக்கள் வெளிவந்தன. மறந்தவரின் இசை பரிசுக்குரியதாயிற்று. 1980இல் டெட் பெரி என்பவர், வாடகைக் கார் ஓட்டிச் சேர்த்த பணத்தையும் கொண்டு லண்டனில் ஹைபீரியன் என்னும் சிறு நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். அந்நிறுவனம் 1991இல் மனோரதியப் பியானோ கொன்சேர்ட்டோக்களுக்கெனத் தொடர் ஒன்றை ஆரம்பித்தது. அது எண்பதுக்கு மேற்பட்ட தட்டுக்களாக வளர்ந்தது. மொஷெலஸ், ஹெர்ஸ், கல்க்பிரென்னர் ஆகியோரை ஹவார்ட் ஷெல்லி பியானோவிலிருந்தவாறே பல்லியத்தை நடத்தி வாசித்தார். கிளாராவின் இருநூறாம் பிறந்த ஆண்டான 2019இல் அவருடைய கொன்சேர்ட்டோவும் அத்தொடரிற் சேர்ந்தது. பீதோவனின் மாணவரான ரீஸின் கொன்சேர்ட்டோக்களை நக்சோஸ் நிறுவனம் மலிவு விலையில் வெளியிட்டது.

இத்தட்டுக்களை வரிசையாகக் கேட்போர் அறிவது யாது? ஏறத்தாழ 1816இல் எழுதப்பட்ட ஹும்மலின் ஏ மைனர் கொன்சேர்ட்டோவை முதலிலும், ஷொப்பனின் ஈ மைனரை அடுத்தும் கேளுங்கள். பல்லிய முகவுரை ஓய்ந்தபின் பியானோ புகும் முறை, பண்ணைச் சுற்றிப் படரும் சரிகை போன்ற அணிகள், துயரமும் நாகரிகமும் கலந்த தொனி ஆகிய அனைத்தும் ஒரு மொழியின் பொதுச் சொற்கள் என்பது விளங்கும். ஷொப்பன் இதனாற் சிறுமையடைவதில்லை. பொதுச் சொற்களைக் கொண்டு அவர் மட்டுமே கூறியது எது என்பது இப்போதுதான் தெளிவாகின்றது. அவ்வாறே கிளாராவின் ஏ மைனரைக் கேட்டபின் சூமனின் ஏ மைனரைக் கேட்டால், பகுதிகளைத் தொடுக்கும் நாட்டமும், பியானோவோடு செலோவை உறவாடவிடும் மென்மையும் அவ்வீட்டில் ஏலவே இருந்தவை என்பது புலனாகும். கலை சமுதாயத்தின் கூட்டு உழைப்பு என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். அக்கூற்றைக் காதாற் கேட்கக்கூடிய சான்று இது.

எனினும் மீட்கப்பட்டவை யாவும் மாணிக்கங்கள் என்று கூறுவது நேர்மையன்று. ஹெர்ஸின் பல பக்கங்கள் மினுக்கமே. சூமனின் கோபம் காரணமற்றதன்று. 'மறைந்துபோன மகத்தான படைப்பு' என்பது இன்று விற்பனைச் சொல்லாகவும் ஆகிவிட்டது. மேலும், மீட்பவரின் கையும் சந்தையிலிருந்து விலகியதன்று. ஹைபீரியன் நிறுவனம் 2023இல் யுனிவர்சல் என்னும் பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாடகைக் கார் ஓட்டியவரின் கனவு, இறுதியில் உலகின் மிகப்பெரிய இசை வணிக நிறுவனத்தின் உடைமையாயிற்று. சுளகு மீண்டும் கைமாறியிருக்கின்றது.

ஆயினும் நாம் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 1965இல் அமெரிக்கக் குண்டுவீச்சின் காரணமாக ஹனோய் இசைப்பள்ளி கிராமப்புறத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கு வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் டாங் தாய் சொன். பின்னர் மொஸ்கோவிற் பயின்ற அவர், 1980இல் வார்சோவின் ஷொப்பன் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பிற்காலத்தில் அவர் ஷொப்பனின் இரு கொன்சேர்ட்டோக்களையும் 1849இல் செய்யப்பட்ட எரார் பியானோவில், அக்காலக் கருவிகளைக் கையாளும் பல்லியத்தோடு பதிந்தார். பழைய பியானோவின் மெல்லொலிக்கு அப்பல்லியம் அளவாக ஈடுகொடுக்கின்றது. ஷொப்பனுக்குப் பல்லியம் எழுதத் தெரியாது என்ற பழைய குற்றச்சாட்டு அங்கு தானாகவே தளர்கின்றது. தாய்நாட்டை இழந்த போலந்து இளைஞனின் இசையை, குண்டுமழையின் கீழ் இசை கற்ற வியற்நாமியர் ஒருவர் உலகுக்கு மீட்டுரைக்கிறார். வணிகரின் மண்டபத்திற் பிறந்த கலை, வணிகருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை.

நாம் கற்பிப்போர், அல்லது கற்போர். எந்தப் பட்டியலை நம் கையிற் கொடுத்தாலும், அதில் உள்ள பெயர்களை மதித்துப் படிப்போம். அதே வேளையில் அதில் இல்லாத பெயர்கள் எவை, அவற்றை நீக்கியது யார், என்ன காரணத்தால் நீக்கினர் என்றும் கேட்போம். பதரென்று ஒதுக்கப்பட்ட குவியலில் கிளாராவின் மணி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது. வேறு குவியல்களில் யாருடைய மணிகள் கிடக்கின்றன என்பதைக் குனிந்து பார்ப்பது நம் பொறுப்பாகும்.